பெட்டிக்குள் இல்லாத தாள்

பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில், மிஸ்ட் இறங்கிய மாலையில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: முன் லைட்டைக் கூட்டினால் வெள்ளைச் சுவர்தான் இன்னும் பிரகாசமாகும். காற்றில் நிற்கும் நீர்த்துளிகள் வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பிவிடுகின்றன. தாழப் பூட்டிக் கீழ்நோக்கிச் சாய்த்த இரண்டு பனி லைட் இருந்தால் பாதையோரமாவது தெரியும். வாங்குவது லேசு. வீட்டில் பூட்டலாம் என்று பெட்டியைத் திறந்தால் பொடி எழுத்தில் ஒரு துண்டுத் தாள் இருக்கும். சில பெட்டிகளில் அதுவும் இருக்காது.

தாள் இருந்தாலும் அது லைட்டைப் பற்றித்தான் சொல்லும், உங்கள் பைக்கைப் பற்றி அல்ல. எந்த வயர் எதற்கு என்பது அந்த பைக்கின் சேர்விஸ் மேனுவலில் உள்ள வயரிங் படத்தில் இருக்கிறது. தேடும்போது பெயர் மட்டும் போதாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள மொடலையும் தயாரித்த ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரே பெயரில் வந்த பைக்கிலும் வயரிங் மாறியிருக்கலாம். பக்கத்து வீட்டு பைக்கின் நிறத்தைப் பார்த்து வயர் சேர்க்கவே வேண்டாம். ஹொண்டாவில் எர்த் வயர் பச்சை, யமஹாவில் கறுப்பு.

ஆங்கிலம் அவ்வளவாக வராது என்பவர்கள் தயங்க வேண்டியதில்லை. சுவிட்சுக்கும் லைட்டுக்கும் நடுவே பூட்டும் ரிலேயைத் திருப்பிப் பாருங்கள். 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். ஜெர்மன் தர முறையில் இருந்து வந்த இந்த எண்களை எந்த மொழிக்காரரும் ஒரே மாதிரிதான் படிக்கிறார். 30க்கு பெட்டரியின் பிளஸ், ஃபியூஸ் வழியாக. 87இல் இருந்து லைட்டுக்கு. 86க்கு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயர், உங்கள் புதிய சுவிட்ச் வழியாக. 85ம் லைட்டின் மற்ற வயரும் எர்த்துக்கு. ஐந்தாவது காலில் 87a என்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். அங்கே கொடுத்த லைட் சுவிட்ச் போடாமலே எரியும்.

சாவியோடு கரண்ட் வரும் வயரைக் கண்டுபிடிக்க 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். ஒரு முனையை எர்த்தில் வைத்து மறுமுனையால் தொட்டுப் பாருங்கள். சாவி போட்டால் எரிந்து, எடுத்தால் அணைய வேண்டும்.

ஃபியூஸ் கணக்கும் சின்னதுதான். 18 வாட் லைட் இரண்டு என்றால் 36 வாட். 12ஆல் வகுத்தால் 3 அம்பியர். 5 அம்பியர் ஃபியூஸ் போடலாம். அது பெட்டரிக்குக் கிட்டவே இருக்கட்டும். ஹேண்டிலைத் திருப்பித் திருப்பி வயர் தேய்ந்து சட்டத்தில் பட்டால், ஃபியூஸுக்குப் பிறகு உள்ள வயரைத்தான் அது காப்பாற்றும்.

ஒன்றை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சிறிய பைக்குகள் சிலவற்றில் முன் லைட் பெட்டரியில் ஓடுவதில்லை. என்ஜின் சுற்றும்போது வரும் ஏசி கரண்ட்டில் நேராக எரியும். அந்த வயரில் எல்ஈடியைக் கொடுத்தால் மினுங்கும், பழுதாகவும் கூடும்.

வேலை தொடங்கும்போது பெட்டரியின் மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும், கடைசியாகப் பூட்ட வேண்டும். பிளஸைக் கழற்றும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டாலும் அப்போது பொறி பறக்காது.

எல்லாம் முடிந்ததும் எந்த வயரை எங்கே கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் தமிழில் வரைந்து, பொலித்தீனில் சுற்றி சீட்டுக்கு அடியில் வையுங்கள். அடுத்த முறை சீட்டைக் கழற்றுபவர் உங்கள் மகனாகவும் இருக்கலாம், டவுன் கராஜ்காரராகவும் இருக்கலாம்.