கட்டை மாறினால் கை மாறும்

அக்கார்டியனும் ஹார்மோனியமும் ஒரே குடும்பத்துக் கருவிகள். துருத்தியின் காற்று பட்டு மெல்லிய உலோக நாக்குகள் அதிர்வதால் இரண்டிலும் ஒலி பிறக்கிறது. ஒவ்வொரு நாக்கின் சுரமும் அது செய்யப்பட்டபோதே முடிவாகிவிடுவதால், வயலினில் பிருடையைத் திருகிச் சுருதி கூட்டுவது போல இங்கே செய்ய இயலாது; பாடுபவரின் சுருதி மாறினால் வாசிப்பவரின் விரல்களே இடம் பெயர வேண்டும்.

இந்த இடப்பெயர்ச்சியைத் தமிழ் மேடை ‘கட்டை’ என்னும் கணக்கால் சொல்கிறது. வெள்ளைக் கட்டைகள் ஒன்று முதல் ஏழு வரை எண் பெற, இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை எனப்படுகின்றன. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரை என்பதே கிடையாது. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் காலத்தில் எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) போன்றோர் மிக உயர்ந்த கட்டையில் பாடினர். கடைசி வரிசை வரை குரல் எட்ட வேண்டியிருந்தது அதற்கொரு காரணம். போடிமெட்டுக்கு அப்பாலுள்ள தேவிகுளம் தொகுதியின் 1958ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் பாடிப் பிரசாரம் செய்த பண்ணைப்புரம் பாவலர் வரதராசனின் குழுவுக்கும் ஹார்மோனியமே பக்கத்துணை.

ஒரு கட்டையில் சங்கராபரணம் வாசிக்க வெள்ளைக் கட்டைகளே போதும். பாடகர் ஒன்றரை கேட்டுவிட்டால் ஐந்து கறுப்பும் இரண்டு வெள்ளையும் தேவைப்படும், ராகம் மாறாதிருந்தும் கை முற்றிலும் புதிய வழியில் நடக்க வேண்டியிருக்கும். பக்கவாத்தியக்காரரின் தேர்ச்சியை எடைபோட இதைவிட நேர்மையான சோதனை இல்லை. கட்டைப் பலகையையே நாக்குகளின் மேல் நகர்த்திவிடும் ‘ஸ்கேல் சேஞ்சர்’ ஹார்மோனியம் இந்தத் தொல்லையைத் தவிர்ப்பதற்காக வந்ததாகும். பியானோ அக்கார்டியனின் வலக்கைக்கும் அதே தொல்லை உண்டு. இடக்கைக்கு இல்லை, அங்கே ஒரு வரிசையில் அடுத்தடுத்த பொத்தான்கள் ச–ப இடைவெளியில் அமைந்திருப்பதால், விரலமைப்பைக் கலைக்காமல் கையை நகர்த்தினாலே புதிய சுருதி கிடைத்துவிடும்.

கறுப்புக் கட்டைகள் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு, நாலரையை ஷட்ஜமாகக் கொண்டால் மோகனம், ஐந்தரையைக் கொண்டால் மத்தியமாவதி, ஆறரையைக் கொண்டால் ஹிந்தோளம், ஒன்றரையில் சுத்த சாவேரி, இரண்டரையில் சுத்த தன்யாசி எனக் கட்டைகள் மாறாமலே ராகம் மாறுவதைக் கர்நாடக இசை ‘கிரக பேதம்’ என்கிறது. எனினும் ஆதார சுருதி நாலரையிலேயே ஒலித்துக்கொண்டிருக்குமானால், எந்தக் கட்டையில் தொடங்கினாலும் காதில் விழுவது மோகனமாகவே இருக்கும்.