அம்மோனியாவை மின்சாரம் விரட்டும், உப்பு இருந்தால்

கொடைக்கானல் ஏரி 1863-இல், மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் முயற்சியில் உருவானது. இன்று அந்த ஏரியில் ஊரின் கழிவுநீரும் கலக்கிறது. கழிவிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியா ஆகிறது. அது மீனுக்கு நஞ்சு, பாசிக்கு உரம்.

அம்மோனியாவை நீக்க உலகமெங்கும் நம்புவது பாக்டீரியாவைத்தான். அது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். ஆனால் குளிர் அதற்கு ஆகாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் கொடைக்கானலின் வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே போகும்போது அதன் வேலையும் மந்தமாகிவிடும். மின்வேதியியல் முறைக்கு இந்தத் தொல்லை குறைவு. அப்படியானால் அந்த முறையை ஏரிக்கரையிலேயே வைத்துவிடலாமா?

அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். கழிவுநீரில் இரண்டு தகடுகளை இறக்கி நேர்திசை மின்னோட்டம் செலுத்துகிறார்கள். நேர்மின்வாயில், நீரிலுள்ள குளோரைடு குளோரினாக மாறுகிறது. குளோரின் அம்மோனியாவைத் தாக்கி, படிப்படியாக நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. குளோரினும் மீண்டும் குளோரைடாகி, அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது. ஆக, இதற்கு மின்சாரத்தோடு உப்பும் வேண்டும். வீடு, விடுதிக் கழிவுநீரில் உப்பு சொற்பம். வெளியிலிருந்து கொட்டினால் அந்த உப்பு ஓடைவழியே கீழே இறங்கி வயலைக் கெடுக்கும்.

உப்பும் அம்மோனியாவும் சேர்ந்தே இருக்கும் இடம் அதே மாவட்டத்தில், மலைக்குக் கீழே இருக்கிறது. அது திண்டுக்கல்லின் தோல் பதனிடும் ஆலைகள். அழுகாமலிருக்க உப்பிட்டே தோல் வருகிறது. முடி நீக்கச் சுண்ணாம்பு, பிறகு அந்தச் சுண்ணாம்பை எடுக்க அம்மோனியம் சல்பேட் அல்லது அம்மோனியம் குளோரைடு. அந்தக் கட்டத்தில் டிரம்மைத் திறப்பவருக்கு மூக்கு எரியும், கண்ணில் நீர் வழியும். தமிழகத் தோல் ஆலைகளின் மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இல் தந்த தீர்ப்பில் திண்டுக்கல்லும் இடம்பெற்றது.

தேவையான தொழில்நுட்பமும் தூரத்தில் இல்லை. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி, குளோரின் ஆலைகளுக்காக டைட்டானிய நேர்மின்வாய்களை உருவாக்கிய நிறுவனம். ருத்தீனியம் ஆக்சைடு பூசிய அதே வகைத் தகடுதான் இந்த வேலைக்கும் வேண்டும்.

செலவையும் சொல்லியாக வேண்டும். ஒரு கிலோ அம்மோனியா நைட்ரஜனை நீக்க, மின்சாரம் துளியும் வீணாகவில்லை என்றாலும் சுமார் 5,740 ஆம்பியர்-மணி தேவை. 5 வோல்ட்டில் அது ஏறக்குறைய 29 யூனிட். நடைமுறையில் இன்னும் கூடும். நீரில் கரிமப் பொருள் மிச்சமிருந்தால் குளோரின் அதோடும் வினைபுரிந்து தீங்கான சேர்மங்களை உண்டாக்கும். குளோரேட்டும் உருவாகலாம். அதனால் பாக்டீரியாவை முதலில் வேலை வாங்கி, மிஞ்சும் அம்மோனியாவுக்கு மட்டும் கடைசியில் மின்சாரத்தைப் பயன்படுத்துவதே சரி. இந்த முறை நீரிலுள்ள உப்பை எடுக்காது என்பதையும் மறக்கக் கூடாது. உப்புக்குத் தனிச் சுத்திகரிப்பு வேண்டும்.

உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. திண்டுக்கல்லில் இதை எட்ட மின்வேதியியல் கைகொடுக்கும். கொடைக்கானலுக்கு முதல் தேவை, ஒவ்வொரு விடுதிக் குழாயும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேருவது. அங்கே அறை எடுக்கும்போது, கழிவுநீர் எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.