நாட்டுக் கடலையும் ஒவ்வாமை தரும்

"மருந்தடிக்காத கடலை, பிள்ளைக்கு ஒண்ணும் பண்ணாது" என்று இடையஞ்சாவடிப் பக்கம் நம் நண்பர்களே சொல்கிறார்கள். ஒவ்வாமையைத் தூண்டுவது கடலையின் புரதம். அது நாட்டு ரகத்திலும் உண்டு. சுத்திகரித்த எண்ணெயில் அந்தப் புரதம் ஏறக்குறைய போய்விடும். நாம் பெருமையாக விற்கும் செக்கெண்ணெயில் தங்கிவிடும். வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

கடலையோ முட்டையோ தின்ற சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். மூச்சு இழுத்தால் பரிசோதனைப் பேச்சே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. பால் குடித்து வயிறு உப்பிப் பேதியானால் அது வேறு. லாக்டோஸ் செரிக்காமல் இருக்கலாம். நாட்டு மாட்டுப் பாலிலும் லாக்டோஸ் உண்டுங்க.

ஒவ்வாமைக்குத் தோலில் லேசாகக் குத்திப் பார்ப்பார்கள், அல்லது ரத்தத்தில் ஐஜிஇ பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்ற ஒன்றை வைத்து முடிவு கட்டக்கூடாது. தின்றபோது என்ன ஆனது என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால், மருத்துவர் முன்னிலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் செய்யாதீர்கள்.

ஒரே ரத்தத்தில் நூறு உணவுக்குப் பார்க்கிறோம் என்று விற்கிற ஐஜிஜி பரிசோதனை வேண்டாம். அது பாஸ்புக் மாதிரி. பிள்ளை எதைத் தின்றது என்பதற்கு வரவு எழுதும், அவ்வளவுதான். அதை நம்பிப் பால், முட்டை, பருப்பு எல்லாம் நிறுத்தினால் பிள்ளை இளைத்துவிடும்.

சீலியாக் நோய்க்கு ரத்தம் கொடுக்கும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ரிப்போர்ட்டில் தெரியாமல் போகலாம். சம்பா கோதுமையிலும் குளூட்டன் உண்டு. வரகு, தினை, கேழ்வரகில் இல்லை, கோதுமை அரைத்த மில்லிலேயே அரைக்காமல் இருந்தால்.