யன்னல் நீக்கலை அடைப்போம்

ரொறொன்ரோவில் பழைய வீடுகளில் வாடகைக்கு இருக்கும் எங்களுக்குக் குளிர் யன்னல் விளிம்பாலும் வருகிறது. பனி கொட்டுமுன்னரே அடைப்போம். குளிர் இறுகினால் ரேப் ஒட்டாது.

காற்றடிக்கும் நாளில், திரைச்சீலையை விலக்கிவிட்டு, ஊதுபத்தியை விளிம்போரம் பிடியுங்கள். புகை ஆடும் இடமே நீக்கல். திறந்து மூடும் விளிம்புக்கு ஸ்பொஞ்ச் ரேப் போதும். சட்டத்தைத் துடைத்துக் காயவிட்டு, இருபக்கமும் ஒட்டும் ரேப்பால் யன்னலுக்கென விற்கும் பிளாஸ்ரிக் தாளை ஒட்டி, தலைமுடி காயவைக்கும் மெசினால் சூடுகாட்டினால் தாள் இறுகும். இடையில் அடைபட்ட காற்றுக் குளிரை மறிக்கும்.

படுக்கையறைகளில் ஒவ்வொரு யன்னலைத் தாள் ஒட்டாமல் விடுங்கள். நெருப்புப் பிடித்தால் அதுதான் வழி. அதன் அடியில் பழைய சாரத்தைச் சுருட்டி வைக்கலாம்.

சூடு வாடகையில் அடக்கமென்றால், குளிர்காலத்தில் வீட்டுக்காரர் 21 பாகையாவது தரவேண்டும். தராவிட்டால் மாநகரசபையின் 311க்கு அழைப்போம். பிள்ளைகள் நடுங்கப் பொறுத்திருக்கத் தேவையில்லை.