கதவுக்கு உள்ளே ஒரு துணை

முப்பது ஆண்டுகளுக்கு முன் அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற பெண்களில் பலர், வலியைவிட அங்கே வாங்கிய ஏச்சைத்தான் முதலில் சொல்வார்கள். அம்மாவும் மாமியாரும் லேபர் வார்டு கதவோடு நின்றுவிட வேண்டும். உள்ளே வரிசையாக மேசைகள். இடையில் திரை இருக்காது, இருந்தாலும் இழுத்துவிட ஆள் இருக்காது. வலியில் கத்தினால் காது கூசும் பேச்சு, சில இடங்களில் தொடையில் அடி. பிறந்த குழந்தையைக் கண்ணில் காட்டக் காசு. ஆண் பிள்ளை என்றால் கூடுதல். தாயும் பிள்ளையும் உயிரோடு வீடு வந்ததே பெரிது என்று குடும்பம் வாயைத் திறக்காது.

2004-இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டம் வந்தது. உறவுக்காரப் பெண் ஒருவர் உள்ளே போய்க் கூடவே இருக்கலாம். நாடு முழுவதற்குமாக மத்திய அரசு இதை அனுமதித்தது 2016-இல்தான். துணைக்கு வருபவருக்குத் தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை வேண்டும், சிகிச்சையில் தலையிடக் கூடாது. மறைப்பு வசதி சரியாக உள்ள இடத்தில் கணவரும் வரலாம் என்றது அந்த அனுமதி. அந்த மறைப்புதான் பல இடங்களில் இல்லை; ஆகவே கணவர்கள் வெளியேதான்.

பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த லக்‌ஷயா திட்டம் இதையெல்லாம் மதிப்பெண்ணுக்குள் கொண்டுவந்தது. பிரசவ அறையும் மகப்பேறு அறுவை அரங்கும் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன. மதிப்பீட்டாளர்கள் கண்ணால் பார்ப்பார்கள், பதிவேட்டைப் புரட்டுவார்கள், ஊழியரைக் கேட்பார்கள், படுக்கையில் இருக்கும் தாயையும் கேட்பார்கள். சோதிக்கும் ஒவ்வோர் அம்சத்துக்கும் 0, 1 அல்லது 2. நூற்றுக்கு 70 எடுத்தால் சான்று. 80-ஐத் தாண்டினால் தங்கம், 90-ஐத் தாண்டினால் பிளாட்டினம். சான்று பெறும் ஒவ்வோர் அறைக்கும் ஊக்கத்தொகை உண்டு: மருத்துவக் கல்லூரிக்கு 6 லட்சம், மாவட்ட மருத்துவமனைக்கு 3 லட்சம். கையுறை இருப்பும் கை கழுவும் முறையும் சோதிக்கப்படும் அதே தாளில், திரை உண்டா, துணை உண்டா, மரியாதையாகப் பேசினார்களா என்பதும் வருகிறது. பணிவாகப் பேசுவது அவரவர் குணம் என்று விட்டிருந்த காலம் போய், அது வேலையின் ஒரு பகுதி என்று எழுத்தில் வந்தது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் திரையை ஒரே வாரத்தில் மாட்டிவிடலாம்; நாக்கை அப்படி மாற்ற முடியாது. மதிப்பீட்டாளர் வரும் நாளில் யார்தான் திட்டுவார்கள்? படுத்திருக்கும் தாயும், டிஸ்சார்ஜ் ஆகும்வரை அவர்கள் கையில்தானே இருக்கிறோம் என்று, ‘நல்லாப் பாத்துக்கிட்டாங்க’ என்றுதான் சொல்வாள். (இரவுப் பணியில் ஒரே நர்ஸம்மா பல மேசைகளுக்கும் ஓட வேண்டியிருந்தால் அவருக்குக் கோபம் வராதா என்பது வேறு கேள்வி, அதுவும் நியாயமான கேள்விதான்.)

என் கணிப்பில், அந்த அறையின் பேச்சை மாற்றியதில் சான்றிதழைவிடப் பெரிய பங்கு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு. அவர் எதிரில் கை ஓங்குவது கடினம். சான்று மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, இடையில் ஆண்டுதோறும் மாநில அளவில் ஒரு சரிபார்ப்பு. அம்மா ஒவ்வொரு பிரசவத்துக்கும் வருகிறார். தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, துணைக்கு வந்த அந்த அம்மாவைத் தனியாக அழைத்து, உள்ளே என்ன பேசினார்கள், யாராவது காசு கேட்டார்களா என்று விசாரித்து, அந்தப் பதிலுக்கும் மதிப்பெண் போட்டால் எத்தனை பிளாட்டினம் தங்கமாக இறங்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.