புதிய தாமான் எழுந்தால் சாலைக்கு யார் பணம் கட்டுவது?

மலாக்காவில் தோட்ட நிலம் வீட்டு நிலமாவது புதிய செய்தி அல்ல. ஆயர் குரோவை ஒட்டிய புக்கிட் காத்தில் பக்கமும் தாமான்கள் பெருகிவிட்டன. வீடுகள் பெருகிய வேகத்தில் சாலைகள் அகலமாகினவா?

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு தாமானில் 500 வீடுகள். வீட்டுக்கு ஒரு கார், ஒரு மோட்டார் சைக்கிள் என்றால் 1,000 வாகனங்கள். காலையில் அவை ஒரே சந்திப்பில் வந்து நின்றால் பழைய சாலை தாங்குமா? தாமானுக்குள் சாலை போடுவது மேம்பாட்டாளரின் பொறுப்பு. வெளியே உள்ள சந்திப்பை அகலப்படுத்துவது யார்?

மாநிலச் சாலைகளுக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் மானியம் தருகிறது. அது முக்கியமாகப் பராமரிப்புக்கே. அமெரிக்காவின் பல ஊர்களில் புதிய கட்டடங்களுக்குப் 'போக்குவரத்துத் தாக்கக் கட்டணம்' விதிக்கிறார்கள். நெரிசலைக் கூட்டுபவர் சாலைச் செலவில் பங்கு தரவேண்டும் என்பதே அதன் கருத்து.

அதற்கும் எல்லை உண்டு. கலிபோர்னியாவின் எல்டொராடோ மாவட்டத்தில் ஒரு வீடு கட்ட அனுமதி கேட்டவரிடம் 23,420 டாலர் கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கட்டணத்துக்கும் அந்தக் கட்டடத்தால் வரும் பாதிப்புக்கும் பொருத்தம் இருக்கவேண்டும் என்ற விதியிலிருந்து, சட்டமன்றம் விதித்த கட்டணமும் தப்ப முடியாது என்று 2024 ஏப்ரலில் தீர்ப்பானது.

நம் நாட்டில் என்ன வழி?

1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் மேம்பாட்டுக் கட்டணம் உண்டு. உள்ளூர்த் திட்டம் மாறி நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் அது விதிக்கப்படும். அதற்கு அளவுகோல் நில மதிப்பு. வாகன எண்ணிக்கை அல்ல. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 132ஆம் பிரிவில் சாலை, வடிகால் பணிகளுக்கென மேம்பாட்டுச் சேவை நிதியும் உண்டு. பெரிய திட்டங்களுக்குப் போக்குவரத்துத் தாக்க ஆய்வும் கேட்கப்படுகிறது. அதில்தான் எந்தச் சந்திப்பு எவ்வளவு பாதிக்கப்படும் என்ற கணக்கு இருக்கும்.

கட்டணம் என்றதும் ஒன்றை மறக்கக்கூடாது. மேம்பாட்டாளர் கட்டும் பணம் கடைசியில் வீட்டு விலையில் ஏறிவிடலாம். தோட்டத்தை விட்டு வெளியேறி, மலிவு விலை வீட்டுக்குக் கடன் வாங்கும் குடும்பம் அந்தச் சுமையைத் தாங்குமா? ஆகவே மலிவு விலை வீடுகளுக்குச் சலுகை வேண்டும். வசூலான பணம் பொதுக் கணக்கில் கரையாமல், பாதிக்கப்பட்ட சாலைக்கே செலவாக வேண்டும்.

இதையெல்லாம் கேட்கவேண்டிய நேரம் வீடு எழுந்த பிறகு அல்ல. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் வந்த 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். உள்ளூர்த் திட்டத்தின் நகல் மக்கள் பார்வைக்கு வரும்போதும் கருத்துச் சொல்லலாம். கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டால், பிறகு நெரிசலில் நின்றுதான் யோசிக்க வேண்டியிருக்கும்.