அட்மின் பாஸ்வேர்ட் யாருகிட்ட இருக்குதுங்க?

போன மாசம் கணபதியில ஒரு பம்ப் பட்டறைக்குப் போயிருந்தேன். கணக்கு கம்ப்யூட்டரோட அட்மின் பாஸ்வேர்டை ஒரு சீட்டுல எழுதி மானிட்டர்லயே ஒட்டியிருக்காங்க. அக்கவுண்டன்ட், சர்வீஸுக்கு வர்ற தம்பி, ரெண்டு வருஷம் முன்னாடி நின்னுட்டவர், எல்லாருக்கும் அது தெரியும். "எல்லாம் நம்ம பசங்கதானுங்க"ன்னார் ஓனர்.

பசங்க மேல சந்தேகம் இல்லீங்க. ஆனா சிஸ்டத்துக்கு ஆள் தெரியாது, ஐடிதான் தெரியும். அது வெளியாள் கையில சிக்கினா அவனும் நம்ம பையன்தான்.

கும்பகோணத்தைத் தலைமையிடமா வெச்சிருக்குற சிட்டி யூனியன் வங்கிக்கே வெளியாள் நுழைஞ்ச அனுபவம் உண்டு. 2018 பிப்ரவரியில ஸ்விஃப்ட் வழியா துபாய், துருக்கி, சீனாவுக்கு மூணு பேமென்ட். கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். ஊழியர்களுக்குத் தொடர்பிருக்குறதா ஆதாரமில்லைன்னு வங்கி சொல்லுச்சு. 7-ஆம் தேதி கணக்கு சரிபார்க்கும்போதுதான் தெரிஞ்சுது. துபாய்க்குப் போனதை உடனே தடுத்துட்டாங்க.

பட்டறைக்கு என்ன வழி? ஆளுக்கொரு ஐடி. பில் போடுறவருக்கு பில் போடுற உரிமை போதும். அட்மினுக்குப் பாஸ்வேர்டோட ஓடிபியும் வேணும். வேலையை விட்டு நிக்கிறவர்கிட்ட பீரோ சாவியை வாங்காம கணக்கு முடிப்பீங்களா? ஐடியையும் அன்னிக்கே மூடிருங்க.

ஓனர் சீட்டைக் கிழிச்சுட்டார். பாஸ்வேர்டை மாத்தினாரான்னு இந்த வாரம் போய்ப் பார்க்கணும்.